ரொக்கமாகக் கட்டினால் பதிவாகாதா? மனநலச் சிகிச்சை, காப்புறுதி, மெடிசேவ் பற்றி ஓர் எளிய விளக்கம்

அண்மையில் சிங்கப்பூரில் ஒரு திருமண விருந்தில், கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில், தெரிந்த அக்கா ஒருவர் என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போய் மெதுவாகக் கேட்டார். "மகளுக்குத் தூக்கமே இல்லம்மா, ராத்திரியெல்லாம் அழுவுறா. மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவலாம்னு இருக்கோம். ஆனா காப்புறுதி, மெடிசேவ் எதையும் தொட வேணாம், முழுசும் ரொக்கமா கட்டிடுவோம்னு இவரு சொல்றாரு. அப்பதான் எங்கேயும் பதிவாகாதாம். உண்மையா?"

பாதி உண்மை. அந்தப் பாதியை முழுசாக நம்பி என் தம்பி 14 மாதம் ரொக்கமாகவே கட்டினான். அதில் என்ன ஆனது என்பதைக் கொஞ்சம் பிறகு சொல்கிறேன். அவனோடு மருந்தகம் மருந்தகமாக (கிளினிக்கைத்தான் சொல்கிறேன்) ஏறி இறங்கியதிலும், படிவம் படிவமாகப் படித்ததிலும் எனக்குப் புரிந்ததை, இதைப் பற்றி எதுவுமே தெரியாதவர்களுக்கும் விளங்கும்படி எழுதப் பார்க்கிறேன். ஏனென்றால் இந்தப் பேச்சு நம் வீடுகளில் எப்போதும் கிசுகிசுப்பாகவே நடக்கிறது, கிசுகிசுப்பில் தவறான தகவல்தான் வேகமாகப் பரவுகிறது.

முதலில் ஒரு பரோட்டாக் கடை

காலையில் புளோக்குக்குக் கீழே இருக்கும் கடையில் இரண்டு முட்டை பரோட்டாவும் ஒரு தே தாரிக்கும் சாப்பிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். காசை நீங்களே கொடுக்கலாம். அப்பாவின் அட்டையைத் தேய்க்கலாம். ரசீது வாங்கிப் போய்க் கம்பெனியில் கொடுத்துப் பணத்தைத் திரும்பப் பெறலாம். மூன்றிலும் நீங்கள் சாப்பிட்டது என்னவோ அதேதான், கடைக்காரருக்கும் அது தெரியும். மாறுவது ஒன்றுதான்: கடைக்காரரைத் தவிர வேறு யார் அந்த ரசீதைப் பார்க்கிறார்கள் என்பது. அப்பாவின் அட்டை என்றால் மாதக் கடைசியில் அப்பா பார்ப்பார். கம்பெனி என்றால் கணக்குப் பிரிவில் இருப்பவர் பார்ப்பார். சொந்தக் காசு என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

அப்புறம் ஒரு நாள் சர்க்கரைப் பரிசோதனைக்குப் போகிறீர்கள், தாதி கேட்கிறார்: "காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?" அந்தக் கேள்விக்கு, "என் சொந்தக் காசில் சாப்பிட்டேன், அதனால் சாப்பிடவில்லை" என்று யாராவது பதில் சொல்வார்களா?

மனநலச் சிகிச்சையும் இப்படித்தான். பணம் ஒரு வழியில் போகிறது, மருத்துவக் குறிப்பு வேறொரு வழியில் போகிறது. ரொக்கம் கொடுத்தால் பணம் போன தடம்தான் மறையும். குறிப்பு இருந்த இடத்திலேயே இருக்கும்.

பணம் எந்தெந்தப் பையிலிருந்து வரலாம்

நாம் எல்லாவற்றையும் சேர்த்துக் "காப்புறுதி" என்று சொல்லிவிடுகிறோம். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. தனித்தனியாகப் பார்ப்போம்.

மெடிசேவ் காப்புறுதியே இல்லை. மத்திய சேம நிதியில் மருத்துவத்துக்கென்று ஒதுக்கப்பட்ட உங்கள் சொந்தச் சேமிப்பு அது. அதிலிருந்து எடுப்பது உங்கள் உண்டியலை நீங்களே உடைப்பது போல. 2006-இல் தொடங்கிய நாட்பட்ட நோய் நிர்வாகத் திட்டத்தின்கீழ் வெளிநோயாளிச் சிகிச்சைக்கும் மெடிசேவை எடுக்கலாம். (வெளிநோயாளிச் சிகிச்சை என்றால் படுக்கையில் சேராமல், வந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவது.) நீரிழிவு, ரத்த அழுத்தம் போன்றவற்றோடு கடும் மனச்சோர்வு, மனச்சிதைவு, இருதுருவக் கோளாறு, பதற்றக் கோளாறு, முதுமை மறதி ஆகியவையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இது பலருக்குத் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. 2021 முதல் இந்த வகையில் ஆண்டுக்கு 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை எடுக்கலாம், ஒன்றுக்கு மேற்பட்ட நாட்பட்ட நோய் இருந்தால் 700 வெள்ளி வரை. ஒவ்வொரு முறையும் கட்டணத்தில் 15 விழுக்காட்டை மட்டும் கையிலிருந்து கட்ட வேண்டும். அதாவது அரசாங்க மானியம் போக 100 வெள்ளி வந்தால், கையிலிருந்து 15, மெடிசேவிலிருந்து 85. கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளை இவர்களுடைய மெடிசேவையும் பயன்படுத்தலாம். ஆனால் பரோட்டாக் கடை நினைவிருக்கட்டும்: அப்பாவின் மெடிசேவ் என்றால் அப்பாவின் கணக்கில் பணம் குறைவது அப்பாவுக்குத் தெரியும்.

மெடிஷீல்ட் லைஃப் உண்மையான காப்புறுதி. 2015 நவம்பரில் தொடங்கியது. குடிமக்கள், நிரந்தரவாசிகள் எல்லாரையும், ஏற்கெனவே நோய் உள்ளவர்களையும் சேர்த்து, கட்டாயமாக உள்ளடக்கியது. ஆனால் மனநலத்தைப் பொறுத்தவரை இது மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெறும்போது கை கொடுக்கும் திட்டம். மாதம் ஒருமுறை மனநல மருத்துவரைப் பார்த்துவிட்டு வருகிற செலவு இதில் வராது. 2021 மார்ச்சில் ஒரு நல்ல மாற்றம் வந்தது. மனநலப் பிரிவில் சேர்ந்தால் ஓராண்டில் 35 நாள் வரை என்றிருந்த வரம்பு 60 நாளாக உயர்ந்தது. தற்கொலை முயற்சி, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வது, மதுப் பழக்கம் ஆகியவற்றால் ஏற்படும் சிகிச்சைகளுக்கு முன்பு பணம் கிடையாது என்றிருந்தது, அந்தத் தடையையும் நீக்கினார்கள்.

இதற்கு மேல் தனியார் நிறுவனங்களிடம் நாம் விருப்பப்பட்டு வாங்குவது ஒருங்கிணைந்த ஷீல்ட் திட்டம், ஆயுள் காப்புறுதி, கடும் நோய்க் காப்புறுதி எல்லாம். கம்பெனி தன் ஊழியர்களுக்கு மொத்தமாக எடுத்துக் கொடுப்பது குழுமக் காப்புறுதி. மக்கள் பயப்படுவது உண்மையில் இந்த இரண்டையும் பார்த்துத்தான். ஆனால் அந்தப் பயத்தில், அதற்குச் சம்பந்தமே இல்லாத மெடிசேவையும் மானியத்தையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: மெடிசேவ் நம் சேமிப்பு, மெடிஷீல்ட் லைஃப் யாரையும் ஒதுக்காத தேசியக் காப்புறுதி, கேள்வி கேட்டு எடைபோடுவது தனியார் காப்புறுதி மட்டுமே.

குறிப்பு எங்கே எழுதப்படுகிறது

மருத்துவர் முன்னால் உட்கார்ந்து நீங்கள் பேசத் தொடங்கியதுமே அவர் எழுதத் தொடங்கிவிடுகிறார். அது அவருடைய கடமை, மருந்தகங்கள் நோயாளிக் குறிப்பைப் பராமரிக்க வேண்டும் என்பது சட்டம். நீங்கள் பத்து வெள்ளி கட்டினாலும் ஐந்நூறு கட்டினாலும், நெட்ஸ் அட்டையில் கட்டினாலும் தாளாகக் கட்டினாலும் அந்தக் குறிப்பு உண்டு.

இதோடு தேசிய மின்னியல் சுகாதாரப் பதிவு என்று ஒன்று 2011 முதல் இருக்கிறது. வெவ்வேறு மருத்துவமனைகளில் உள்ள உங்கள் முக்கிய விவரங்களைச் சிகிச்சை கொடுக்கும் மருத்துவர் ஒரே இடத்தில் பார்ப்பதற்கான ஏற்பாடு. இதைக் கேட்டதும் "அய்யோ, அப்போ எல்லாரும் பார்ப்பாங்களா" என்று பதறுகிறவர்கள் உண்டு. சிகிச்சைக்காக மட்டுமே அதைத் திறக்கலாம். வேலைக்கு ஆளெடுக்கவோ காப்புறுதி விண்ணப்பத்தை எடைபோடவோ திறக்கக்கூடாது என்பது சுகாதார அமைச்சின் விதி. உங்கள் முதலாளி ஒரு பொத்தானைத் தட்டி உங்கள் மனச்சோர்வைப் படித்துவிட முடியாது.

அப்படியானால் காப்புறுதி நிறுவனத்துக்கு எப்படித் தெரிகிறது? நீங்கள் சொல்லித்தான் தெரிகிறது. அல்லது நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஒப்புதலை வைத்து அவர்கள் உங்கள் மருத்துவரிடம் அறிக்கை கேட்கும்போது தெரிகிறது. அந்த ஒப்புதல் பெரும்பாலும் விண்ணப்பப் படிவத்திலேயே பொடி எழுத்தில் இருக்கும், முகவர் "இங்கே ஒரு கையெழுத்து" என்று காட்டும் இடத்துக்கு மேலே.

படிவம் என்ன கேட்கிறது

இதுதான் விஷயத்தின் மையம், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

பழைய கார் ஒன்றை வாங்கப் போகிறவர், "இது எப்போதாவது இடிபட்டதா?" என்று கேட்பார். பட்டறைக்காரருக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்று கேட்க மாட்டார். காப்புறுதிப் படிவமும் அதே மாதிரிதான். மனநலம் சம்பந்தமாக எப்போதாவது மருத்துவரையோ ஆலோசகரையோ பார்த்திருக்கிறீர்களா, அறிகுறிகள் இருந்தனவா, மருந்து எடுத்தீர்களா என்று கேட்கும். எந்தப் பையிலிருந்து கட்டினீர்கள் என்று ஒரு கட்டம்கூட இருக்காது. சொந்தக் காசில் பார்த்தவரும் அதே "ஆம்" கட்டத்தில்தான் குறி போட வேண்டும். தெரிந்ததையெல்லாம் முழுமையாகவும் உண்மையாகவும் சொல்லாவிட்டால் காப்புறுதியிலிருந்து எதுவும் கிடைக்காமல் போகலாம் என்ற எச்சரிக்கையும் அந்தப் படிவத்திலேயே அச்சாகியிருக்கும்.

மறைத்தவருக்கு என்ன ஆகும்? உடனே ஒன்றும் ஆகாது. பல ஆண்டு ஒழுங்காகச் சந்தா கட்டுவார். நாளைக்கு அவருக்குப் புற்றுநோய் வருகிறது, அல்லது அவர் தவறிப்போய் மனைவி கோரிக்கை வைக்கிறார். அப்போதுதான் நிறுவனம் பழைய குறிப்புகளைக் கேட்கும், அப்போதுதான் அந்தப் பழைய மருந்துச் சீட்டு வெளியே வரும். ரொக்கமாகக் கட்டியதால் பாதுகாப்பு என்று நம்பியவருடைய குடும்பம் பணம் மிகவும் தேவைப்படும் நாளில் வெறுங்கையோடு நிற்கலாம். இதை நினைத்தால்தான் எனக்குப் பதறுகிறது.

உண்மையைச் சொன்னால் நிறுவனம் சில முடிவுகளில் ஒன்றை எடுக்கும். அப்படியே ஏற்கலாம், சந்தாவைக் கூட்டலாம், மனநலம் சார்ந்த செலவை மட்டும் விலக்கி மற்றதை ஏற்கலாம், கொஞ்ச காலம் கழித்து வரச் சொல்லலாம், மறுக்கவும் செய்யலாம். இப்படி விண்ணப்பதாரரை அலசிப் பார்ப்பதற்கு இடர் மதிப்பீடு என்று பெயர். ஒரு நிறுவனம் மறுத்ததை இன்னொன்று ஏற்பதுண்டு, சிகிச்சை ஒழுங்காக நடந்து நிலை சீராக இருக்கிறது என்ற மருத்துவரின் கடிதம் பல நேரம் உதவும். மனநல நோயாளிகளிடம் காப்புறுதித் துறை எப்போதும் நியாயமாக நடக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன், வலி நிறைந்த மறுப்புக் கடிதங்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த அநியாயத்துக்கு ரொக்கம் மருந்தாகாது.

இன்னொரு பக்கமும் உண்டு. நோய் வருவதற்கு முன்பே உண்மையைச் சொல்லி எடுத்த ஆயுள் காப்புறுதி உங்களிடம் இருந்தால், பின்னால் வந்த மனச்சோர்வைக் காட்டி அதைப் பறிக்க முடியாது. "டாக்டரைப் பார்த்தா இருக்கிற பாலிசியும் போயிடும்" என்பது தவறு.

இந்தப் பகுதியில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்: படிவம் கேட்பது சிகிச்சையைப் பற்றி. பணம் கட்டிய விதத்தைப் பற்றி அது கேட்பதே இல்லை.

ரொக்கம் உண்மையிலேயே எங்கே உதவும்

பாதி உண்மை என்று சொன்னேன் இல்லையா, அந்தப் பாதி இதுதான். கம்பெனியின் குழுமக் காப்புறுதியில் கோரினால் ரசீதோ கோரிக்கைப் படிவமோ மனிதவளப் பிரிவு வழியாகப் போக வாய்ப்புண்டு. சிறிய அலுவலகம் என்றால் அந்தப் பிரிவில் இருப்பவர் உங்களோடு மதியச் சாப்பாடு சாப்பிடுகிறவராக இருப்பார். அது வேண்டாம் என்று சொந்தக் காசைக் கட்டுவது முழுக்க நியாயமான முடிவு. தனியார் மருத்துவரிடம் போனால் யாரைப் பார்க்கிறோம் என்பதை நாமே தேர்ந்தெடுக்கலாம், தமிழில் பேசுகிற மருத்துவரைத் தேடிப் போகலாம், பெரும்பாலும் சீக்கிரமாகவும் பார்க்கலாம். நோயின் பெயர் இன்னும் முடிவாகாத கட்டத்தில் மெடிசேவ் எடுக்க முடியாது, அப்போதும் கையிலிருந்துதான் கட்ட வேண்டும்.

வேலை விஷயத்தில் நிலைமை மாறிக்கொண்டு வருகிறது. வேலை விண்ணப்பத்தில் மனநலம் பற்றிக் காரணமில்லாமல் கேட்கக்கூடாது என்று நியாயமான வேலை நடைமுறைகளுக்கான முத்தரப்பு வழிகாட்டிகள் சொல்கின்றன. 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயத்தன்மைச் சட்டம், பாகுபாடு காட்டக்கூடாத தன்மைகளின் பட்டியலில் மனநலப் பிரச்சினையையும் சேர்த்திருக்கிறது. ஆண்பிள்ளைகளுக்குக் கட்டாயமான தேசிய சேவைக்கு முந்திய மருத்துவப் பரிசோதனை வேறு கதை. அங்கே மறைப்பது பையனுக்கே ஆபத்து, துப்பாக்கியும் தூக்கமின்மையும் சேர்ந்திருக்கும் இடம் அது.

பாக்குவெட்டி

இனி தம்பியின் கதை. அவன் ஒரு தனியார் மருந்தகத்துக்குப் போனான், நல்ல மருத்துவர், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு தடவை போனால் மருந்தோடு சேர்த்து 380 வெள்ளி. முதல் நான்கைந்து மாதம் ஒழுங்காகப் போனான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா வெற்றிலை போட உட்கார்ந்தபோது பாக்குவெட்டியின் வாயில் வெள்ளையாக மாவு மாதிரி ஒட்டியிருந்தது. "சுண்ணாம்பா இது?" என்று விரலால் தடவிப் பார்த்தார். தம்பி ஒன்றும் சொல்லாமல் எழுந்து அறைக்குள் போய்விட்டான். பின்னாலேயே நான் போனேன். மேசை இழுப்பறையில் மாத்திரை அட்டை, ஒவ்வொரு மாத்திரையும் பாதியாக வெட்டப்பட்டு மெல்லிய தாளில் மடித்திருந்தது. ஒரு மாத மருந்தை இரண்டு மாதத்துக்கு ஓட்டிக்கொண்டிருந்தான். மருத்துவருக்குத் தெரியாது.

மனச்சோர்வு மருந்தை இப்படி நாமாகக் குறைத்தால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக் கேடு எல்லாம் வரும், அடங்கியிருந்த நோயும் திரும்பும். அவனுக்குத் திரும்பியது. 14 மாதத்தில் ஆயிரக்கணக்கான வெள்ளி செலவு செய்து, அரை மருந்தில் அரை குணத்தோடு இருந்தான், எல்லாம் "பதிவாகக்கூடாது" என்ற ஒரே எண்ணத்துக்காக.

அப்புறம்தான் அரசாங்கத்தின் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போனோம். கட்டணம் இருபது வெள்ளிக்குள். மருத்துவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பரிந்துரைக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. பலதுறை மருந்தகத்தின் பரிந்துரையோடு அரசாங்க மருத்துவமனையின் நிபுணத்துவ வெளிநோயாளி மருந்தகத்துக்குப் போனால் மானியம் கிடைக்கும். சாஸ் என்ற சமூகச் சுகாதார உதவித் திட்டத்தில் அட்டை வைத்திருப்பவர்கள் அதில் சேர்ந்த தனியார் மருந்தகத்தின் பரிந்துரையோடும் போகலாம். குடிமக்களுக்குக் குடும்ப வருமானத்தைப் பொறுத்து 30 முதல் 70 விழுக்காடு வரை மானியம், முன்னோடித் தலைமுறை, மெர்டேக்கா தலைமுறை என்று சொல்லப்படும் மூத்த குடிமக்களுக்கு அதற்கு மேலும் கழிவு உண்டு. கடிதம் இல்லாமல் நேராகப் போனால் அதே மருத்துவமனையில் தனியார் கட்டணம்தான். கட்டடமும் மருத்துவரும் ஒன்றாகவே இருக்கலாம், நுழைந்த கதவுதான் வேறு.

தம்பி ஆறு வாரம் காத்திருந்தான். மருத்துவரைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை, இரண்டாம் தடவை வேறு மருத்துவர் இருந்தார். இவை உண்மையான குறைகள்தான். ஆனால் முதல் தடவை, இரண்டு மாத மருந்தோடு சேர்த்து, 100 வெள்ளிகூட வரவில்லை, அதிலும் பெரும்பகுதி மெடிசேவிலிருந்து போனது. பாக்குவெட்டி பாக்குக்கே திரும்பிவிட்டது.

"உட்பிரிட்ஜுக்கு அனுப்பிடுவாங்களோ" என்று அம்மா பயந்தார். அந்தப் பழைய மனநல மருத்துவமனையின் பெயர் நம் பெரியவர்கள் மனத்திலிருந்து இன்னும் போகவில்லை. அது 1993-இல் புவாங்கோக்குக்கு மாறி இன்று மனநலக் கழகமாக இருக்கிறது, தினமும் எத்தனையோ பேர் பேருந்தில் போய் மருத்துவரைப் பார்த்துவிட்டு வேலைக்குத் திரும்புகிறார்கள். அங்கேதான் போக வேண்டும் என்றும் இல்லை. சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை, டான் டொக் செங், தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை, சாங்கி, கூ டெக் புவாட் எல்லாவற்றிலும் மனநலப் பிரிவு உண்டு. 2016-இல் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி இங்கே ஏழு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஏதாவது ஒரு கட்டத்தில் மனநிலை, பதற்றம் அல்லது மதுப் பழக்கம் சார்ந்த கோளாறு வந்திருக்கிறது. அவர்களில் முக்கால்வாசிக்கும் மேற்பட்டவர்கள் நிபுணர் உதவியை நாடவே இல்லை.

வேலை அனுமதியில் இருப்பவர்கள்

மேலே சொன்ன மானியம் வெளிநாட்டு ஊழியர்களுக்குக் கிடையாது, மெடிசேவும் இல்லை. வேலை அனுமதி, எஸ் பாஸ் வைத்திருப்பவர்களுக்கு முதலாளி எடுக்க வேண்டிய மருத்துவக் காப்புறுதி 2023 ஜூலை முதல் ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி. ஆனால் அது மருத்துவமனையில் சேர்வதற்கும் பகல்நேர அறுவை சிகிச்சைக்கும் உரியது. தங்குவிடுதியில் தூக்கமில்லாமல் தவிக்கும் தம்பிமார்கள் ஹெல்த்சர்வ் என்ற தொண்டு அமைப்பை நாடலாம், வெளிநாட்டு ஊழியர்களுக்கென்றே மன ஆலோசனை கொடுக்கிறார்கள்.

உயிருக்கு ஆபத்து என்று தோன்றும் நேரத்தில் இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம். மனநலக் கழகத்தின் 24 மணி நேர எண் 6389 2222, சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தின் எண் 1767.

அந்த அக்காவிடம் சொன்னது

கை கழுவும் இடத்தில் இவ்வளவையும் சொல்ல முடியவில்லை. மகளுக்கு என்ன வயது என்று கேட்டேன், 19 என்றார். 16 முதல் 30 வயது வரை உள்ளவர்களுக்கு "சாட்" என்ற மனநலச் சேவை இருக்கிறது, அங்கே முதல் மதிப்பீட்டுக்குக் கட்டணமே இல்லை, ரகசியமும் காப்பார்கள், ரொக்கமா மெடிசேவா என்ற சண்டையே இப்போது வேண்டாம் என்றேன். அதற்குப் பிறகு மருத்துவர் தேவை என்று சொன்னால், பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள், தனியாரிடம்தான் போவோம் என்றால் ஓராண்டுக்குத் தாங்குமா என்று மட்டும் முதலில் கணக்குப் போட்டுவிடுங்கள் என்றேன். அக்கா கைப்பையிலிருந்து மொய் உறையை எடுத்து, அதன் முதுகில் "சாட்" என்று எழுதிக்கொண்டார்.